பத்து மணிச் சாக்லேட்

கறுப்புச் சாக்லேட்டைப் பற்றி எங்கள் தெருவில் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் கோகோ கொட்டையில் இருக்கிற ஒரு சத்து ரத்தக் குழாயைக் கொஞ்சம் இளக்கிவிடும், அதனால் ரத்த அழுத்தம் சிறிதளவு இறங்கலாம், பால் சாக்லேட்டில் அந்தச் சத்து குறைவு, சர்க்கரைதான் அதிகம், கசப்பு கூடக் கூட நல்லது, ஆனால் நல்லது என்பதற்காகக் கட்டி கட்டியாகத் தின்னக் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு சின்னத் துண்டு போதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொழுது சாய்ந்த பிறகு தின்றால் சிலருக்குத் தூக்கம் கெடும். இவ்வளவும் நான் மூச்சு விடாமல் சொல்வேன். இதில் எதுவும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

என் மகள் தன் அப்பாவின் உயிருக்குத் தானே சாக்லேட் கொடுத்து உலை வைத்துவிட்டதாக ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தாள். அதில் ஐந்து மாதம், அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் பயந்த சுபாவம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேஸ் அடுப்பை மூடினேனா இல்லையா என்று கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். மகள் பஸ் ஏறினால், இறங்கிவிட்டேன் என்று அவள் சொல்லும் வரைக்கும் எனக்குத் தண்ணீர் இறங்காது. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கிண்டல் பண்ணியே காலம் தள்ளினார். அம்மன் சன்னதியில் நான் கண்ணை மூடி நின்றால் காதோரம் வந்து, "இன்னா வேண்டிக்கின? சிலிண்டர் வெடிக்கக் கூடாதுன்னா?" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் கேட்டது சரிதான், நான் அதைத்தான் வேண்டியிருப்பேன்.

அவருக்கு பிரஷர் இருப்பது நெசவாளர்களுக்காக எங்கள் பக்கத்தில் போட்ட ஒரு முகாமில் தெரிந்தது. நர்ஸ் ஒரு தடவை பார்த்தார், பட்டையைக் கழற்றி மறுபடியும் கட்டிப் பார்த்தார், எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் மாத்திரை எழுதினார். "இது உடம்புல தங்குற உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளும். காலையில போட்டா மூணு நாலு வாட்டி ஒண்ணுக்குப் போகும். பயப்படாதீங்க" என்றார். அதற்கு நான் பயப்படவில்லை. மாத்திரை கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். காலையில் அவர் தறியில் இறங்கினதும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரோடு அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்களுடையது குழித் தறி. தரையில் குழி, அதில் காலை விட்டு அவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வலது பக்கம் பலகை போட்டு நான். நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கான இழையைக் கொண்டுபோகிற நாடாவை அவர் தள்ளுவார், என் பக்கத்துக் கரைக்கான நாடாவை நான் தள்ளுவேன். இரண்டு இழையும் சேருகிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. அவர் எழுந்தால் என் கையும் நிற்கும். போய்விட்டு வந்து மறுபடியும் உட்காரும்போது பழைய கை வராது. இழை நெருங்க அடிக்கிற அடி கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அந்த இடத்தில் புடவையில் கோடு மாதிரி ஒன்று விழும். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். கடைக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற பெண்களோடு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். போன வருஷம் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், பையிலிருந்து தட்டையாக ஒன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள்.

"அப்பா, வாயத் திற."

"இன்னாம்மா இது, தேஞ்ச சோப்பு மாதிரி?"

"சாக்லேட்டுபா. டார்க் சாக்லேட். பிரஷருக்கு நல்லது."

அவர் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை இடுக்கினார். "வேப்பங்கொட்டைய அரைச்சி வித்தாக்கூட வாங்கறதுக்கு ஆளு இருக்குது பாரேன்."

"கடிக்காதப்பா. நாக்குல வெச்சிக்கோ. தானா கரையும்."

"சரி, கரையட்டும். நான் இன்னா ரயிலா புடிக்கப் போறேன்."

மகள் போனில் ஒரு டாக்டர் பேசுகிற வீடியோவை எங்களுக்குக் காட்டினாள். கசப்புச் சாக்லேட்டால் இதயத்துக்கு என்ன நன்மை, ரத்த ஓட்டத்துக்கு என்ன நன்மை, மனசு எப்படி லேசாகும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன். உறையின் மேல் எழுபது என்று போட்டிருந்ததைக் காட்டி, அது கோகோவின் பங்கு, மீதிதான் சர்க்கரையும் மற்றதும் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். "மாத்திரை செய்யற வேலைய இதுவும் கொஞ்சம் செய்யுதாம்பா" என்றாள்.

"அப்ப மாத்திரை எதுக்கு? இதுவே போதுமே" என்றார் அவர்.

"ஆமா, உனக்கு அது ரொம்ப வசதி" என்று அவள் சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அன்று அவள் அந்த ஒரு கட்டியைத்தான் கொண்டுவந்தாள். அதைத் தினசரி வழக்கமாக்கியது நான். தறியில் இருக்கும்போது எதையும் கையால் எடுத்துத் தின்னக் கூடாது. விரலில் பிசுக்கு இருந்தால் பட்டில் ஏறிவிடும். துணுக்கு கீழே விழுந்தால் எறும்பு வரும், எலி வரும். சாக்லேட்டோ கை சூட்டுக்கே உருகுகிற பொருள். அதனால் காலை பத்து மணிக்கு நான் எழுந்துபோய், நகத்தளவு துண்டு உடைத்து எடுத்துவந்து அவர் வாயில் வைப்பேன். அவர் நாடாவை விடாமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி வாயைத் திறப்பார். பிறகு நான் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணியில் நன்றாகத் துடைத்து, உலர்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உட்காருவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு எதையும் ஊட்டினதில்லை. கல்யாணப் பந்தலில் பால் பழம் கொடுத்ததோடு சரி. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, இந்த வயசுல ஊட்டி விட்டுக்கினு?" என்றார். "டாக்டரம்மா உத்தரவு" என்றார் இவர், என்னைக் காட்டி, வாயில் சாக்லேட்டோடு.

அமாவாசை அன்று எங்களுக்குத் தறி ஓய்வு. அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் நடந்துபோய் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்ப்போம். ஒரு மாதம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு மாதம் பழையபடி இருக்கும். இறங்கினால் சாக்லேட்டுக்குப் பெயர். ஏறினால் முந்தின நாள் தின்ற ஊறுகாய்க்குப் பெயர். இறங்கின மாதம் நான் அங்கிருந்தே மகளுக்கு போன் போட்டுச் சொல்வேன். "பாத்தியா, நான் சொல்லல?" என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வருவாள்.

ஆடி மாதம். அரக்கு உடல், பச்சைக் கரை. பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. பத்து மணித் துண்டை வாயில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. அவர் தள்ளின நாடா என் பக்கம் வந்து சேரவில்லை. நடுவிலேயே நின்றுவிட்டது. நான் என் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னாங்க, தூக்கமா?" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கடைவாயிலிருந்து எச்சிலும் சாக்லேட்டும் கலந்து பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

நான் சட்டென்று கையை நீட்டி அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தேன். அவரைப் பிடிக்கவில்லை. பட்டில் சொட்டிவிடக் கூடாது என்று அந்தக் கறையைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சாய்ந்தார். அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது. இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள்.

தெருக்காரர்கள் ஓடிவந்து குழியிலிருந்து அவரைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் என்னிடம், "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாராம்மா?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் தவறல. நானே கையில குடுப்பேன்" என்றேன்.

மூன்றாம் நாள் மகள் மாற்றுத் துணி எடுத்து வர வீட்டுக்குப் போனாள். தறியில் பாதிப் புடவை திறந்து கிடக்கிறதே, மேலே ஒரு துணி போட்டுக் கட்டிவிட்டு வா என்று நான்தான் சொல்லியிருந்தேன். கட்டுவதற்காகக் குழியில் இறங்கியிருக்கிறாள். குழிச் சுவரில் ஒரு சின்ன மாடம் உண்டு. எண்ணெய்ப் புட்டி, அறுந்த இழை, சீப்பு என்று அவர் சாமான்களைப் போட்டு வைக்கிற இடம். அதற்குள்ளிருந்து அள்ளிக்கொண்டு வந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் துப்பட்டாவைப் பிரித்துக் காட்டினாள். எல்லாம் மாத்திரை. சிலது ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சிலது சுண்ணாம்பு மாதிரி பொடிந்திருந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள்தான் பேசினாள்.

"நான்தாம்மா. இதுவே போதும்னு அப்பா கேட்டப்ப, ஆமான்னு சொன்னேன்."

"அது வெளையாட்டுக்குடி."

"அப்பாவுக்கு வெளையாட்டுன்னு தெரிஞ்சிச்சா?"

எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் என் புத்திக்கு எட்டவில்லை. அவள் நேராக டாக்டரம்மாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "சாக்லேட்டு எதுவும் பண்ணலம்மா. அளவா சாப்பிட்டா நல்லதுதான். உப்பக் குறைக்கறோம், நடக்கறோம் இல்ல, அது மாதிரி ஒரு துணை. ஆனா மாத்திரை எடத்துல அத வைக்க முடியாது. மாத்திரைய நிறுத்தினதுதான் பிரச்சினை."

சாக்லேட்டு எதுவும் பண்ணல என்றது அவள் காதில் ஏறவேயில்லை. கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அலமாரியில் பிரிக்காத கட்டி இரண்டு இருந்தது. தூக்கி எறியவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், அப்பாவுக்கு முகம் துடைத்து விடுவாள், கஞ்சி புகட்டுவாள், பிறகு சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தால் சாக்லேட்டின் நன்மைகள்தான். "எல்லாரும் இதையேதாம்மா எழுதியிருக்காங்க. நான் தப்பா எதுவும் படிக்கல" என்பாள். படித்தது சரி என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் எங்கேயோ ஒரு வரியில் தன் தப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

தறியில் கிடந்த பாதிப் புடவையை என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் வந்து நெய்து முடித்து அறுத்துக்கொண்டு போனார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை. அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் வந்திருந்தது. வார்த்தை என்று சொல்ல முடியாது, பாதி பாதியாக வரும். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று கையைக் காட்டினார். தோளில் தாங்கிக் கூட்டிப்போய்க் கூட்டி வந்து கட்டிலில் உட்கார வைத்தேன். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏங்க, மாத்திரைய ஏன் குழியில போட்டு வெச்சீங்க? பொண்ணு சொன்னதாலயா? சாக்லேட்டே போதும்னு நெனச்சீங்களா?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். நன்றாக, இரண்டு தடவை. இடது கையால் காலித் தறியைக் காட்டினார். பிறகு அதன் வலது பக்கம் நான் உட்காருகிற பலகையைக் காட்டினார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "த்சு" என்றார்.

வார்த்தை வராத வாயிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் அச்சு அசலாக வந்தது. அது என் சத்தம்.

அவர் மாத்திரை போட ஆரம்பித்த புதிதில், ஒரு காலைப் பொழுதில் நாலு தடவை எழுந்திருப்பார். குழியிலிருந்து கையூன்றி ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் நான் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "த்சு" என்பேன். வேண்டுமென்று செய்ததில்லை. தானாக வரும். மூன்றாவது தடவை, நாலாவது தடவை என்றால் வாயும் சேரும். "மறுபடியுமா? தறியில உக்காந்த மாதிரியா இருக்குது, பஸ் ஸ்டாண்டுல உக்காந்த மாதிரி இருக்குது" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "டிக்கெட் எடுத்து வெய்யி, வந்துடறேன்" என்று போவார். கொஞ்ச நாளில் அவர் எழுந்திருப்பது நின்றுவிட்டது. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோர்வையில் கோடு விழுவதும் நின்றது. புடவை நன்றாக வந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான், இந்த மனுஷன் ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒரு நாள்கூடக் கவலைப்படவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

சாக்லேட் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் நிறுத்தியிருக்கிறார்.

"அமா... அமாவா..." என்று சொல்லி, வாயில் போட்டு விழுங்குகிற மாதிரி காட்டினார். தறி இல்லாத நாளில் போட்டாராம். எழுந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லாத நாளில். அதைச் சொல்லிவிட்டு, பழைய மாதிரி என்னைக் கேலி பண்ணின திருப்தியில், பாதி முகத்தால் சிரித்தார். அதில் கோபம் துளி இல்லை. மறுபடியும் ஒரு தடவை "த்சு" என்று செய்து காட்டினார். நான் அடுப்படிக்குப் போய் உலையைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். இப்படி அடிக்கடி போக வேண்டியிருந்ததால் விட்டிருக்கிறார் என்றேன். "இத அப்பவே சொல்லியிருந்தா வேற மாத்திரை எழுதிக் குடுத்திருப்பாங்களேம்மா. எத்தனையோ இருக்குதே" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஊரில் இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்தேன், உறையில் இருக்கிற எழுத்தையெல்லாம் படித்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை முழுக்க மனசுக்குள் பேசிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்பைக் கழற்றும்போதே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பாள்? வருவதை நிறுத்திவிட்டால்? அவர் இந்த நிலைமையில் இருக்கிறார், இவளும் போய்விட்டால் எனக்கு யார்? அடுத்த வாரம் சொல்லலாம், அவர் நடக்க ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று தள்ளினேன். என் பயத்துக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கார்த்திகையில் அவருக்கு இரண்டாவது தடவை வந்தது. இந்தத் தடவை ஆம்புலன்ஸுக்கு வேலை இல்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். வடை, அதிரசம், வெற்றிலை, அவர் படிக்கிற பேப்பர் எல்லாம் வைத்தாயிற்று. என் நாத்தனார் மகளைப் பார்த்து, "ஏம்மா, ஒரு கறுப்பு சாக்லேட்டு வாங்கினு வருவியே, அத வெக்கலியா? எனக்குக்கூட குடுக்காம ஆசையாத் தின்னுவான் எந்தம்பி" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பாசத்தில் சொன்னார். மகள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்தாள். காகிதத்தைப் பிரித்தாள். இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே குமட்டி வாந்தி எடுக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது. "பட்டினி இருந்ததால பித்தம்" என்றார் நாத்தனார். அப்போதும் நான் எழுந்து போகவில்லை. கற்பூரத்தட்டு என் கையில் இருந்தது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

எனக்கும் மார்கழியில் பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதை மகளிடம் ஒரு வரியில் சொன்னேன். "போடு" என்றாள், அவ்வளவுதான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குளிக்கப் போயிருந்தாள். போன் பாயில் கிடந்தது, திரை அணையவில்லை. தேடுகிற இடத்தில் அவள் தமிழிலேயே அடித்திருந்தாள். சாக்லேட் கொடுத்ததால் அப்பாவுக்குப் பக்கவாதம் வருமா. இங்கிலீஷில் இருந்திருந்தால் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் புரிந்திருக்கும். இது ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு என்று எதற்கு அடித்தாள்? அந்த மெஷினுக்கு இவள் அப்பாவைத் தெரியுமா?

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். நான் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தேன். நிமிராமல் சொன்னேன். நிமிர்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அப்பா மாத்திரைய விட்டது உன்னால இல்ல."

"சும்மா இரும்மா."

"என்னால. அவரே காட்டினாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்திருந்தது, நாடாவைக் கீழே வைத்தது, பஸ் ஸ்டாண்டு என்று பேசினது, அமாவாசை. அவர் நாக்கைத் தட்டிக் காட்டியதைச் சொல்லும்போது என் வாய் தானாக அதைச் செய்துவிட்டது. இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரிந்த சத்தம். சின்ன வயதில் அவள் கணக்கைத் தப்பாகப் போட்டால் நான் செய்கிற சத்தமும் அதுதான்.

அவள் துண்டை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எப்ப காட்டினாரு?"

"புரட்டாசில."

"இப்ப மாசி."

"ம்."

"கருமாதிக்கு நான் அத எடுத்து வெச்சப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"பயம்."

"எதுக்கு பயம்?"

"நீ வராம போயிடுவியோன்னு."

அவள் எழுந்து சீப்பை எடுத்தாள். அழவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். தலையைப் பின்னிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். இறங்கியதும் போன் செய்யவில்லை. சாயங்காலம் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நானாகக் கூப்பிடக் கை வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அன்று பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, தன் மாப்பிள்ளைக்கு பிரஷராம், சாக்லேட் தின்னலாமா, உனக்குத்தான் தெரியுமே என்று கேட்டார். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடம் வந்து கேட்டார். தின்னலாம், கசப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம், மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள் என்றேன். பிறகு அவர் வாசல் வரைக்கும் போனதும் திரும்பக் கூப்பிட்டு, மாத்திரையால் ஏதாவது சங்கடம் இருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். "இன்னா சங்கடம்?" என்றார். "எதனா இருக்கும். ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. நீங்களா கேளுங்க" என்றேன்.

எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. அவள்தான். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற சத்தம் பின்னால் கேட்டது.

"மாத்திரை போட்டியா?"

"இனிமேதான்."

"போடு. நான் லைன்ல இருக்கேன்."

போனைத் திண்டில் வைத்துவிட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினேன். தண்ணீர் குடித்தேன். நான் விழுங்குவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"முழுங்கிட்டியா?"

"ம்."

வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறாள். இதே இரண்டு கேள்விதான், இதே வரிசையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாளா என்று கேட்டால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறாள். அப்பாவைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. ஒரு நாள் ஏழு ஐந்து ஆகிவிட்டது, போன் வரவில்லை. நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல், அடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.